டெட் ஹீத்தின் ஸ்விங் இசைத்தட்டுகள்: கேள்வி பதில்

டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியின் பிரிட்டிஷ் கலைஞரும் பிக் பேண்ட் எனப்படும் பெரிய ஜாஸ் குழுவின் தலைவருமான டெட் ஹீத் (1902–1969) பதிவு செய்த ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசையைக் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

கேள்வி: ஹீத்தை டிராம்போன் கலைஞர் என்கிறீர்கள். அவருடைய இசைத்தட்டுகளில் அவர் தனியாக வாசிப்பதைக் கேட்கவே முடியவில்லையே?

பதில்: உண்மைதான். லண்டனின் வாண்ட்ஸ்வர்த் பகுதியில் பித்தளைக் கருவிக் குழு ஒன்றை நடத்திய தந்தையிடம் சிறுவயதிலேயே பாடம் தொடங்கிய ஹீத், ஜாக் ஹில்டன், ஆம்ப்ரோஸ், ஜெரால்டோ ஆகியோரின் நடனக் குழுக்களில் பல ஆண்டுகள் டிராம்போன் வாசித்துவிட்டு, 1940-களின் நடுவில் தமக்கென்று ஒரு குழுவை அமைத்தபோது கருவியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நின்று நடத்தத் தொடங்கினார். ஆனால், பிறர் குழுக்களில் பின்வரிசையில் அமர்ந்து வாசித்த அந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. நான்கு டிராம்போன்கள் ஒரே மூச்சில் தொடங்கி ஒரே மூச்சில் முடிக்கும் ஒழுங்கைக் கேளுங்கள். அதுவே அவருடைய தனி முத்திரை. தனி வாசிப்பு வேண்டுமானால், அதே குழுவில் இருந்த டான் லஷரைத் தேடிக் கேட்கலாம்.

கேள்வி: குழு தொடங்கப் பணம் எங்கிருந்து வந்தது?

பதில்: மனைவி மொய்ராவின் வரிகளுக்கு ஹீத் மெட்டமைத்த ‘தட் லவ்லி வீக்கெண்ட்’ என்ற போர்க்காலப் பாடல் பெரும் வெற்றி பெற்றது, அதன் உரிமத்தொகை கைகொடுத்தது.

கேள்வி: டியூக் எலிங்டன், டாமி டோர்சி போன்ற அமெரிக்கப் பிக் பேண்ட் தலைவர்களின் மூலப்பதிவுகள் கிடைக்கும்போது, அவற்றை மறுபடி வாசித்த ஓர் ஆங்கிலேயரை ஏன் கேட்க வேண்டும்? இது வெறும் நகல் அல்லவா?

பதில்: இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள், ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். 1930-களின் நடுவிலிருந்து 1956 வரை, இரு நாட்டு இசைக்கலைஞர் சங்கங்களுக்கு இடையே நிலவிய பிணக்கினால் அமெரிக்கக் குழுக்கள் பிரிட்டனில் முறையாக வாசிக்க ஏறக்குறைய வழியே இல்லாமல் இருந்தது. அந்தக் காலத்தில் லண்டன் பல்லேடியம் அரங்கில் ஹீத் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய ஸ்விங் நிகழ்ச்சிகள்தாம், ஒரு முழுப் பிக் பேண்டை நேரில் கேட்கும் வாய்ப்பை அந்த நாட்டு ரசிகர்களுக்குத் தந்தன. ஆகவே அவருடைய பதிவுகளுக்கு முதலில் ஒரு வரலாற்று நியாயம் உண்டு.

இசை நியாயமும் உண்டு. எலிங்டன் தம் குழுவின் தனிமனிதர்களுக்காக எழுதினார். 1930-இல் பதிவான ‘மூட் இண்டிகோ’வில் அடைப்பான் பொருத்திய டிரம்பெட்டும் டிராம்போனும் மேலே ஒலிக்க, வழக்கத்துக்கு மாறாகக் கிளாரினெட் அவற்றுக்கு அடியில் தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும், அந்த மூவரின் குரல்களை அகற்றினால் பாட்டின் பாதி போய்விடும். ஹீத்தின் குழுவோ அரேஞ்சர்களின், அதாவது எந்தக் கருவி எதை வாசிக்க வேண்டும் என்று எழுதித் தருபவர்களின் குழு. எழுதப்பட்ட தாளில் உள்ளது ஒரு துளியும் சிந்தாமல் ஒலிக்க வேண்டும் என்பதே அங்கு முதல் சட்டம். அதனால் ‘மூட் இண்டிகோ’ போன்ற அந்தரங்கமான படைப்புகளில் ஹீத் எலிங்டனை எட்டவில்லை என்றே நான் கருதுகிறேன். மாறாக, சை ஆலிவர் எழுதி டாமி டோர்சி புகழ்பெறச் செய்த ‘ஓப்பஸ் ஒன்’ போன்ற, கருவிப் பிரிவுகள் மாறிமாறி மோதும் படைப்புகளில் ஹீத்தின் குழு எந்த அமெரிக்கக் குழுவுக்கும் சளைத்ததல்ல. உணர்ச்சி குறைவு என்று சொல்பவர்கள், அந்தத் துல்லியத்துக்குள் இருக்கும் களிப்பைக் கேட்காமல் விடுகிறார்கள்.

கேள்வி: ‘ஸ்கின் டீப்’ எலிங்டனுடையதா, ஹீத்தினுடையதா?

பதில்: எலிங்டன் குழுவின் டிரம்மர் லூயி பெல்சன் எழுதியது. இருவருமே பதிவு செய்தார்கள். 1954-இல் இரண்டு பதிவுகளும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஏறின. அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்கர்கள் அவரை ஏற்றுக்கொண்டார்களா?

பதில்: 1956-இல் அமெரிக்கப் பிக் பேண்ட் தலைவர் ஸ்டான் கென்டனின் குழு பிரிட்டனுக்கு வர, அதற்கு ஈடாக ஹீத்தின் குழு அமெரிக்கா சென்றது. கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலுடன் ஊர் ஊராக வாசித்த அந்தப் பயணத்தில், அலபாமாவின் பர்மிங்காம் நகரில் வெள்ளை இனவெறியர்கள் மேடையேறிக் கோலைத் தாக்கியபோது ஹீத்தின் கலைஞர்களும் அந்த மேடையில்தான் இருந்தார்கள். அந்தப் பயணத்திலேயே, மே மாதம் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பெரும் வரவேற்பு கிடைத்தது. அந்த நிகழ்ச்சி இசைத்தட்டாகவும் வெளிவந்தது. புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: அவருடைய பிற்கால ஸ்டீரியோ பதிவுகளை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் தேர்ந்து வாங்குங்கள். டெக்கா இசைத்தட்டு நிறுவனம் 1960-களில் வெளியிட்ட ‘ஃபேஸ் 4’ வரிசையில் கருவிகள் இடமும் வலமுமாகத் தாவும். ‘பிக் பேண்ட் பெர்கஷன்’ அதற்கு நல்ல சான்று. ஒலிநுட்பத்தை ரசிப்பவர்களுக்கு அது விருந்து. குழு ஓர் அரங்கில் ஒன்றாக அமர்ந்து வாசிக்கும் உணர்வை நாடுபவர்களுக்கு, 1950-களின் டெக்கா பதிவுகளே சிறந்தவை. தேடும்போது ஒரு கவனம் தேவை: இதே பெயரில் அழைக்கப்பட்ட பிரிட்டிஷ் பிரதமர் எட்வர்ட் ஹீத்தும் இசைக்குழுக்களை நடத்தியவர், அவருடைய இசைத்தட்டுகளும் முடிவுகளில் கலந்து வரும்.

கேள்வி: ஹீத் மறைந்த பிறகு குழு என்னவாயிற்று?

பதில்: பழைய உறுப்பினர்கள் விடவில்லை. 1970-களின் நடுவில் டான் லஷர் பொறுப்பேற்று, அதே அரேஞ்ச்மெண்டுகளை 2000-ஆம் ஆண்டு வரை மேடைகளில் வாசிக்கச் செய்தார்.