காய்ச்சல் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலம் நெருங்குகிறது. நோய்ப் பரவலைக் கணக்குப் போட்டு எதிர்கொள்வது பற்றி நெல்லைச் சீமை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்குக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் வார்டில் போன வாரம் வீடு வீடாகப் போய் டிரம், தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துக் கழுவினோம். இந்த வாரம் டெங்கு கூடியிருக்கிறது. வேலை வீண் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
– வார்டு உறுப்பினர், மேலப்பாளையம்

நிறுத்தாதீர்கள். இந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைக் கொசு கடித்தது நீங்கள் தொட்டியில் கை வைப்பதற்கு முன்பு. நாளை எண்ணிப் பாருங்கள். கடிபட்டு 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். கஷாயம், மருந்துக்கடை மாத்திரை என்று இன்னும் 2, 3 நாள் வீட்டிலேயே கழியும். அதன் பிறகுதான் ரத்தப் பரிசோதனை, பதிவேட்டில் பெயர். போதாததற்கு, நீங்கள் கொட்டியது புழுவை. ஏற்கெனவே கிருமியோடு பறக்கிற கொசு இன்னும் 2 வாரம்கூட உயிரோடிருந்து கடிக்கும். ஆக, பலன் பதிவேட்டில் தெரிய ஏறக்குறைய 3 வாரம் பிடிக்கும். இந்தத் தாமதத்தை முன்கூட்டியே ஆட்களுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் 2ஆவது வாரம் சோர்ந்துவிடுவார்கள்.

நம் வெயிலில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். 10 நாளுக்கு ஒரு சுற்று வந்தால் நடுவில் ஒரு தலைமுறை பறந்துவிடும். எனவே 7 நாளுக்கு ஒரு சுற்று, தள்ளிப்போடக் கூடாது. காய்ந்த டிரம்மின் சுவரில் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும் என்பதால் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேங்காய் நார் போட்டு உட்புறத்தைத் தேய்க்க வேண்டும்.

இனி கணக்கு. ஒரு நோயாளியிடமிருந்து கொசு வழியாகச் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றுகிறது என்பதைப் பரவல் எண் என்போம். அது 1க்குக் கீழே இறங்கினால் நோய் அடங்கும். 100 வீட்டில் 15 பூட்டியிருக்கிறது. திறந்த வீடுகளில் 5 பாத்திரத்துக்கு 1 கண்ணில் படவில்லை என்று வையுங்கள். 0.85 × 0.80 = 0.68, அதாவது நூற்றுக்கு 68 பங்குதான் சுத்தம். நூற்றுக்கு 32 பங்கு கொசு மிச்சம். பரவல் எண் 2 ஆக இருந்தால் 0.64க்கு இறங்கும், பயமில்லை. 4 ஆக இருந்தால் 1.28, பரவல் தொடரும். பூட்டிய வீடுகளில் பாதியைத் திறந்தாலும் 1.04தான்; எல்லாவற்றையும் திறந்தால் 0.80. பக்கத்து வீட்டாரிடம் சாவி கேட்டு வாங்குவதும் சாயங்காலம் ஒரு நடை மறுபடி போவதும் இதற்காகத்தான்.

இன்னொன்று: நோயாளியைக் கடித்த கொசு, தானே நோயைப் பரப்ப 8 முதல் 12 நாள் உயிர்வாழ வேண்டும். தினமும் 100இல் 90 கொசு பிழைத்தால் 10 நாள் கழித்து 35 மிஞ்சும். 80 பிழைத்தால் 11தான் மிஞ்சும். பறக்கிற கொசுவின் ஆயுளைச் சிறிது குறைத்தாலும் பலன் பெரிது. ஆகவே புகை மருந்தை நோயாளியின் வீட்டிலும் அடுத்த வீடுகளிலும் உள்ளே, கட்டிலுக்கு அடியில், துணி தொங்கும் மூலையில் அடியுங்கள். தெருவில் வண்டி ஓட்டிப் போவதால், கதவைச் சாத்திய வீட்டுக்குள் இருக்கும் இந்தக் கொசு சாகாது. காய்ச்சல்காரர் பகலிலும் வலைக்குள் படுக்கட்டும்.

இந்தக் கணக்கையெல்லாம் முதலில் போட்டது யார்? நானே கணினியில் போட்டுப் பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ராஸ் முன்னோடிகளில் ஒருவர். கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டாம், ஒரு வரம்புக்குக் கீழே குறைத்தால் போதும் என்று கணக்கால் காட்டினார். இந்தியாவில் மருத்துவப் பணியில் இருந்த மெக்கெண்ட்ரிக், ஆய்வக விபத்தில் பார்வையிழந்த கெர்மாக்குடன் சேர்ந்து 1927இல் வெளியிட்ட தொற்றுநோய்க் கணித மாதிரியைப் பம்பாய் பிளேக் மரணக் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டினார்.

எக்ஸெலில் 3 பத்தி (நெடுவரிசை) போதும்: தொற்றாதவர் 9,990, நோயாளி 10, குணமானவர் 0. நோய் 5 நாள், பரவல் எண் 2 என்றால் ஒரு நாள் விகிதம் 2 ÷ 5 = 0.4. புதிய நோயாளிகள் = 0.4 × நோயாளி × தொற்றாதவர் ÷ 10,000. முதல் நாள் 4. குணமாவோர் = நோயாளி ÷ 5; முதல் நாள் 2. நாளை நோயாளி 12. இதையே கீழே இழுத்துக்கொண்டு போங்கள். ஊரில் 100க்கு ஏறக்குறைய 80 பேரைத் தொட்டுவிட்டு ஓயும். பரவல் எண்ணை 1.5 ஆக்கினால் ஏறக்குறைய 60. பலரும் 10,000ஆல் வகுக்க மறந்துவிட்டு, நோயாளி எண்ணிக்கை ஊரையே தாண்டுகிறதே என்று திகைப்பார்கள். டெங்குவுக்குக் கொசுவுக்கென்று தனிப் பத்திகள் வேண்டும்.

தினம் 8 பேர் காய்ச்சலுக்குச் சேர்கிறார்கள். ஒருவர் 5 நாள் தங்குகிறார். 40 கட்டில் போதும்தானே?
– மருத்துவமனை ஊழியர், அம்பாசமுத்திரம்

எண்ணிக்கை நிலையாக இருந்தால் 8 × 5 = 40 சரி. வாரத்துக்கு இரட்டிப்பாகும் ஏறுமுகத்தில் முந்தைய 4 நாட்களில் சேர்ந்தவர்கள் 8ஐ விடக் குறைவு. அவர்களையும் கூட்டினால் சுமார் 33தான் நிரம்பியிருக்கும். வாரத்துக்குப் பாதியாகும் இறங்குமுகத்தில் அதே 8க்கு 49 கட்டில் நிரம்பியிருக்கும். கவனம் தேவைப்படுவது இறங்குமுகத்தில்தான்: சேர்க்கை குறைந்துவிட்டது என்று கூடுதல் கட்டிலை அன்றே மடக்கிவிடாதீர்கள். ஏறுமுகத்திலோ 2 வாரத்தில் தினம் 32 பேர் வரலாம். அப்போது 130க்கு மேல் வேண்டும். கட்டிலோடு சலைன், செவிலியர் முறைப்பணி, தட்டணு (பிளேட்லெட்) எண்ணும் கருவியின் ரசாயனம் எல்லாவற்றையும் இதே கணக்கில் இன்றே கேட்டு எழுதுங்கள்.

பள்ளியில் 100க்கு 95 பிள்ளைகள் மணல்வாரி (தட்டம்மை) ஊசி போட்டவர்கள். அப்படியும் அம்மை பரவியதே?
– ஆசிரியை, திசையன்விளை

95 பேரும் எத்தனை தவணை போட்டார்கள் என்று பாருங்கள். இந்த அம்மையின் பரவல் எண் 12 முதல் 18. 15 என்று வைத்தால், 100இல் 93 பேருக்கு மேல் எதிர்ப்பு இருந்தால்தான் அடங்கும். 9 மாதத்தில் போடும் ஒரு தவணை 100இல் சுமார் 85 பேருக்குத்தான் பலிக்கிறது. 95இல் 81 பேர்தான் தப்பினார்கள்; மீதி 19. 15 × 0.19 = 2.85, அதாவது ஒரு பிள்ளையிடமிருந்து ஏறக்குறைய 3 பேருக்கு. இரண்டு தவணையும் போட்டிருந்தால் போட்டவர்களில் 100க்கு 97 பேருக்குப் பலிக்கும்; அப்போதும் எண் 1.2 அளவில் நிற்கும். 100இல் 97 பிள்ளைகள் இரண்டும் போட்டால்தான் 0.9க்கு வரும்.

இந்தக் கணக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரேபோலக் கலந்து பழகுவதாக எண்ணிக்கொள்கிறது. ஊசி போடாத 5 பேரும் ஒரே தெரு, ஒரே வேன் என்றால் அங்கே தீ தனியாகப் பற்றும். தடுப்பூசி அட்டையை வாங்கி 16 முதல் 24 மாதத் தவணை விட்டுப்போனவர்களைத் தெருவாரியாக எழுதுங்கள். தடிப்புக்கு 4 நாள் முன்பிருந்தே தொற்றும் என்பதால், ஒரு பிள்ளைக்குத் தடிப்பு கண்டதும் அந்தப் பட்டியலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்ட ஊசி பலரைக் காப்பாற்றும்.