வாசகர் கேள்வி – பதில்: எண்ணெய் இல்லாத ஞாயிறு

(டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் குடியிருக்கும் நம் பத்தியாளர், எரிபொருள் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறார்.)

கேள்வி: 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது டென்மார்க்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தார்களாமே! நம் நகரங்களிலும் செய்தால் என்ன? – வாசகர், மதுரை

பதில்: தாராளமாகச் செய்யலாம், புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். 1973 நவம்பர் 25தான் முதல் ஞாயிறு. நெடுஞ்சாலையில் சைக்கிளும் குதிரையும் போன படங்களை இங்கே இன்றும் ஆசையாகக் காட்டுவார்கள். 1974 பிப்ரவரியோடு தடை முடிந்துவிட்டது.

அன்று இந்த நாட்டின் எரிசக்தியில் ஏறத்தாழ 90 சதவீதம் எண்ணெய். அநேகமாக எல்லாமே இறக்குமதி. அதில் பெரும்பங்கு எரிந்தது கார்களில் அல்ல. குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் கொதிகலன்களிலும் மின் நிலையங்களிலும். ஆகவே உருப்படியான வேலை 1979இல் வந்த வெப்ப வழங்கல் சட்டத்தில்தான் தொடங்கியது. எந்தத் தெருவுக்குச் சுடுநீர்க் குழாய், எந்தத் தெருவுக்கு எரிவாயு என்று உள்ளாட்சி அமைப்புகளே வரைபடம் போட்டன. மின்சாரம் மட்டும் தயாரிக்கும் அனல் மின் நிலையத்தில் எரிபொருளின் பாதிக்கு மேல் வெறும் சூடாகக் கடலுக்குப் போய்விடும். அந்தச் சூட்டைக் குழாயில் பிடித்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். இன்று மூன்றில் இரண்டு வீடுகளுக்கு இப்படித்தான் வெப்பம் வருகிறது.

எங்கள் வீட்டிலும் கொதிகலன் கிடையாது. சுவரில் அலமாரி அளவில் ஒரு பெட்டி, அதற்குள் வரும் குழாய், போகும் குழாய், அவ்வளவுதான். வந்த நீரின் சூட்டைச் சரியாக உறிஞ்சாமல் திருப்பி அனுப்பினால் கூடுதல் கட்டணம். விருந்துக்குப் போன இடத்தில் "உங்கள் வீட்டில் திரும்பும் நீர் எத்தனை டிகிரி?" என்று விசாரிக்கும் மனிதர்களை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: வெயில் ஊரில் இருக்கும் எங்களுக்குச் சுடுநீர்க் குழாயால் என்ன பயன்? – வாசகி, வேலூர்

பதில்: ஒரு பயனும் இல்லை. குளிர்நீர்க் குழாயால் உண்டு. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் கட்டடத்துக்குக் கட்டடம் ஏசி இயந்திரம் வைக்காமல், ஒரே நிலையத்திலிருந்து குளிர்ந்த நீரை அனுப்புகிறார்கள்.

நீங்கள் இங்கிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது குழாயை அல்ல, வரியை. 1986இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. மற்ற நாடுகள் கொண்டாடியபோது டேனிஷ் அரசு எரிசக்தி வரியை ஏற்றியது. மலிவு மக்கள் கைக்கு வரவே இல்லை. வந்திருந்தால் குழாய்க்கும், சூடு வெளியேறாமல் வீட்டுச் சுவர்களுக்குச் செய்த காப்புக்கும் போட்ட பணமெல்லாம் வீண் என்று ஆகியிருக்கும். காருக்குப் பதிவு வரி 180 சதவீதம் வரை இருந்த காலமும் உண்டு. பெட்ரோல் இரண்டு ரூபாய் குறைந்தால் வெடி வெடிக்கும் நம் ஊரில் எந்த அமைச்சர் இதற்குத் துணிவார் என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: அணு உலையே இல்லாமல் சமாளித்த டென்மார்க்கைப் பாராட்டுவீர்களா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: பாதி பாராட்டு. 1985இல் நாடாளுமன்றம் அணு மின்சாரத்தைத் திட்டத்திலிருந்து நீக்கியது உண்மை. ஆனால் அப்போது மின் நிலையங்கள் எண்ணெயை விட்டுவிட்டுத் தாவியது நிலக்கரிக்கு! வட கடலில் சொந்த எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்த அதிர்ஷ்டம் வேறு. காற்றாலைகள் மின்சாரத்தில் பாதியைத் தரத் தொடங்கியது அண்மையில்தான். முதல் எண்ணெய் நெருக்கடிக்கும் அதற்கும் நடுவே ஏறக்குறைய 50 ஆண்டுகள்.