ஊர்க்காரர் முதலும் கல்லாப் பொறுப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,
யாங்கூனில் மின்பொருள் கடை வைத்திருக்கிறோம். இரண்டாவது கடைக்கு முதல் திரட்டும் இவ்வேளையில், "பணமும் நம் ஊர்க்காரரிடமே வாங்கு, பொறுப்பையும் அவர்களுக்கே கொடு, செட்டியார்கள் அப்படித்தான் பர்மாவில் தழைத்தார்கள்" என்கிறார் அப்பா. பல ஆண்டுகளாகக் கல்லாவைக் கவனித்துவரும் பர்மியப் பெண்ணைப் பொறுப்பாளராக்க நான் விரும்புகிறேன். தங்கள் கருத்து?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தையார் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. இன்று ஷ்வே போந்தா தெரு எனப்படும் அன்றைய முகல் தெருவில் கொண்டுவிற்கல் என்னும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், அதாவது செட்டியார்கள், பெட்டியடிப் பையனாக, கடையில் தொழில் பழகும் சிறுவனாக வந்தவனை அடுத்தாள் என்னும் உதவியாளனாக்கி, பிறகு மேலாளாக, அதாவது ஏஜண்டாக உயர்த்தி, மூன்றாண்டுக் கணக்குக்கு முழுக் கடையையும் அவனிடமே ஒப்படைத்தார்கள். முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். ஆச்சிமாரின் சீதனப் பணம் கடையில் வட்டிக்கு நிற்கும். நடப்பு வட்டியையும் கோயிலில் கூடியே முடிவு செய்வார்கள். ஏஜண்டு கணக்கில் தவறினால் ஊரில் அவன் குடும்பமே தலைகுனிய நேரும் என்பதால், கடல் கடந்த கடையை ஊரின் மதிப்பே காவல் காத்தது. இளவயதில் தொடங்கிய அந்தப் பயிற்சிக்கு ஈடான ஒன்றை நம் கடைகளில் இன்று நான் காணவில்லை.

ஆனால் அந்த நம்பிக்கைக்குள் பர்மிய விவசாயி இடம்பெறவே இல்லை. ஐராவதிக் கழிமுகத்தில் நெல் விளைவித்தவன் பேரேட்டில் கடனாளியாக மட்டுமே இருந்தான். 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்ததும் அடமான நிலங்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, அப்பத்தாண்டு முடிவதற்குள் 25 விழுக்காட்டை எட்டியது. அவர்கள் ஆசைப்பட்டுச் சேர்த்த நிலமன்று, வராத கடனுக்கு வந்த நிலம். ஆயினும் பறிகொடுத்தவனுக்கு அந்த வேறுபாடு எப்படி ஆறுதலாகும்? 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பெருந்திரளாக நம்மவர் வெளியேறினர். விடுதலைக்குப் பின் 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. அவ்வளவு பெரிய தொழிலுக்கு, அதன் லாபத்தில் பங்குள்ளவராய் நின்று பரிந்து பேச, இந்த மண்ணில் அநேகமாக எவரும் இல்லை.

ஆகவே, முதலை ஊர்க்காரரிடம் தயங்காமல் வாங்குங்கள். பொறுப்பை அந்தப் பெண்ணுக்கே கொடுங்கள். பெட்டியடியில் கற்றுத்தந்ததைப்போல் கொள்முதலையும் கடன் வசூலையும் அவருக்குப் படிப்படியாகக் கற்றுத்தாருங்கள். சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கை எழுத்தில் உறுதி செய்யுங்கள். ஆண்டு ஐந்தொகையை, அதாவது வரவு செலவு, சொத்து, கடன் நிலையைக் காட்டும் கணக்கை, அவர் தாமே படித்துச் சரிபார்க்கும்படி பர்மிய மொழியிலும் எழுதிவையுங்கள்.