தேனீக்கள் குறைவதற்கும் விளைச்சல் போவதற்கும் பருவநிலை மாற்றம்தான் காரணமா, இல்லை சும்மா பயமுறுத்துகிறார்களா?

கேள்வி கேட்டவர் வீட்டு நிலவரத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். தோட்டத்தில் காய்ப்பு குறைந்துவிட்டது, தேனீயைக் கண்ணால் காண முடியவில்லை. சித்தப்பா ‘பருவநிலை மாற்றமெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை’ என்கிறார். காலேஜில் படிக்கும் தங்கை ‘எல்லாமே அதனால்தான்’ என்கிறாள். யார் சொல்வது சரி?

நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரன். அப்பா தேனீ வளர்த்தார், இப்போது நான் வளர்க்கிறேன். விஞ்ஞானி இல்லை, பெட்டியைத் திறந்து மூடுகிறவன். அந்த அளவுக்குச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இது பழைய தொழில். 1920களிலேயே மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் கிராமத்து ஆட்களுக்குத் தேனீ வளர்ப்பு கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நம்ம ஊர் அடுக்குத் தேனீக்கு ஏற்ற மாதிரிச் சின்னதாக ஒரு பெட்டி செய்தார். நியூட்டன் பெட்டி என்றே அதற்குப் பெயர். கீழே புழு அறை, மேலே தேன் அறை, சட்டத்தில் அடை. இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிற்பது அதே அளவுப் பெட்டிதான்.

தேனீ வளர்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டியைத் திறக்குமுன் பக்கவாட்டில் விரலால் தட்டுவோம். கூட்டம் நன்றாக இருந்தால் உள்ளேயிருந்து ‘உஸ்ஸ்’ என்று ஒரே சீராகச் சத்தம் எழுந்து சட்டென்று அடங்கும். மெலிந்த கூட்டமென்றால் இழுத்தாற்போல் முனகும்.

1992இல் எனக்கு ஒன்பது வயது. அப்பாவிடம் நாற்பதுக்கு மேல் பெட்டி இருந்தது. ஒரு நாள் காலையில் அப்பா ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார், நான் பின்னால் போனேன். பாதிப் பெட்டியில் சத்தமே இல்லை. ஒன்றைத் திறந்து அடையை வெளிச்சத்தில் பிடித்தார். அறைகளுக்குள் புழுக்கள் தலையை மேலே தூக்கியபடி, படகு மாதிரி வளைந்து செத்துக் கிடந்தன. ஈர்க்குச்சியால் ஒன்றை நெம்பி எடுத்தார். தோல் பைபோல ஆகி, உள்ளே நீர் கோத்துத் தொங்கியது. “போச்சு மக்களே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த சில மாதங்களில் மூன்று பெட்டி தவிர எல்லாம் காலி.

அது ஒரு வைரஸ். தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்டதால் ‘தாய் சாக்புரூட்’ என்று பெயர். 1991-92இல் தென்னிந்தியாவுக்குள் வந்து, குமரியிலும் கேரளத்திலும் வளர்ப்புத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கொண்டுபோய்விட்டது. பலர் தொழிலையே விட்டார்கள். பெட்டியை அடுப்பெரித்த வீடும் உண்டு. பிறகு தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழில் திரும்ப எழுந்தது. அப்பாவின் மூன்று பெட்டி இருபதாக ஏழெட்டு வருஷம் ஆயிற்று.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நான் பார்த்த தேனீச் சாவுகளிலேயே பெரியது இதுதான். அதற்கும் வெயிலுக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்கக் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 2006 நவம்பரில் டேவிட் ஹேக்கன்பர்க் என்ற தேனீ வளர்ப்பாளர் புளோரிடாவில் தன் பெட்டிகளைத் திறந்தபோது ராணி இருந்தது, புழு இருந்தது, தேன்கூட இருந்தது. வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் இல்லை, செத்த உடலும் இல்லை. உலகம் முழுக்கச் செய்தியானது அதற்குப் பிறகுதான். செல்போன் கோபுரம் வரைக்கும் எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். கடைசியில் நிலைத்து நின்ற காரணங்கள்: வரோவா என்ற உண்ணி, அது பரப்பும் வைரஸ்கள், பூச்சிமருந்து, ஒரே பயிரைத் தின்று வளரும் சத்துக்குறைவு, லாரியில் ஏற்றி நாடு முழுக்க அலைக்கழிப்பது. 2024-25 குளிர்காலத்தில் அங்கே பெரிய பண்ணைகளில் பாதிக்கு மேல் கூட்டங்கள் போயின. அரசு ஆய்வாளர்கள் சோதித்தபோது மறுபடியும் வைரஸ், மறுபடியும் உண்ணி. அந்த உண்ணிக்கு அடிக்கும் மருந்தும் இப்போது சரியாக வேலை செய்வதில்லையாம்.

‘தேனீ அழிந்தால் நாலு வருஷத்தில் மனிதனும் அழிவான்’ என்று ஐன்ஸ்டீன் பெயரில் ஒரு படம் குடும்பக் குழுக்களில் மாதம் ஒருமுறையாவது வரும். அவர் அப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உலகம் முழுக்க வளர்ப்புத் தேனீப் பெட்டிகளின் எண்ணிக்கை, ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி, அறுபதுகளில் இருந்ததைவிட இப்போது அதிகம். பெட்டித் தேனீ செத்தால் நாங்கள் கூட்டத்தைப் பிரித்து மறுபடி உண்டாக்கிவிடுவோம். கேட்க ஆள் இல்லாமல் போவது கொசுத்தேனீ, கொம்புத் தேனீ, மரத்தைத் துளைக்கும் தச்சுத் தேனீ மாதிரி காட்டுப் பூச்சிகள்தான். முருங்கைப் பூவுக்கு அடுக்குத் தேனீயைவிடத் தச்சுத் தேனீதான் பெரிய வேலைக்காரன். அதற்குப் பட்டுப்போன மரம் வேண்டும். நாம் பட்ட மரத்தை உடனே வெட்டி விறகாக்கிவிடுகிறோம்.

சரி, இதுவரை படித்தால் சித்தப்பா ஜெயித்த மாதிரித் தெரியும். இனிமேல்தான் அவருக்குச் சங்கடம்.

எங்கள் தேன் பூவிலிருந்து வருவதில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள், ரப்பர் இலையிலிருந்து வருகிறது. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் மொத்தமாக இலை உதிர்க்கும். அப்புறம் செம்பு நிறத்தில் தளிர் விடும். தளிர் பச்சையாக மாறும் அந்தச் சில வாரங்களில், ஒரு காம்பில் மூன்று இலை சேரும் இடத்தில் இனிப்பு நீர் துளித்துளியாகக் கசியும். தேனீ அதைத்தான் உறிஞ்சிக்கொண்டு வரும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் தொடக்கம் வரை எங்கள் வருஷ வருமானம் மொத்தமும் அந்தக் காம்பில் தொங்குகிறது. அதற்காகத்தான் மழைக்காலம் முழுக்கச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் கூட்டத்தைக் காப்பாற்றி, மார்கழி, தையில் பலப்படுத்தி, தளிர் விடும் நேரத்துக்குப் படை திரட்டி வைப்போம்.

அந்த நேரத்தில் மழை பெய்தால்? துளி கழுவிக்கொண்டு போய்விடும். தேனீ வெளியே போகாது. சேர்த்து வைத்த தேனை உட்கார்ந்து தின்னும். பனிமூட்டம் கூடினால் தளிரில் சாம்பல் நோய் விழுந்து, விட்ட இலையே உதிரும். டிசம்பர் மழை நீண்டுபோனால் மரங்கள் ஒன்றாக இலை உதிர்க்காமல், ஒன்று இன்றைக்கு, ஒன்று அடுத்த மாதம் என்று இழுக்கும். கூட்டம் பலமாக இருக்கும், உணவு இருக்காது. உணவு வரும்போது கூட்டம் மெலிந்திருக்கும்.

அப்பாவிடம் ஒரு நோட்டு இருந்தது. தேன் அறை வைத்த தேதி, முதல் பிழிவு, மழை விழுந்த நாள் எல்லாம் பென்சிலில் எழுதியிருப்பார். 1980களின் பக்கங்களைப் பார்த்தால் கெட்ட வருஷம் அங்கேயும் உண்டு. ஒரு மாசி மாதத்துக்கு எதிரே ‘மழை. ஒன்றும் இல்லை’ என்று மட்டும் இருக்கிறது. ஆக, கெட்ட வருஷம் புதிதில்லை. ஆனால் அவருக்கு அது எப்போதாவது வந்தது. எனக்கு, நான் கையில் எடுத்த பிறகு, நல்ல வருஷம்தான் எப்போதாவது வருகிறது. ஒரு வீட்டு நோட்டை வைத்து உலகத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். நோட்டைத் தாண்டிப் பார்க்க வேண்டியது வேறு.

காற்றில் கரியமில வாயு, ஆலைகள் பெருகுவதற்கு முன்பு பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. வெப்பமானிக் கணக்கு தொடங்கியதிலிருந்து 2024தான் மிகச் சூடான வருஷம். இந்தச் சூட்டுக்கு மனிதன்தான் காரணம் என்பதில் சந்தேகமே இல்லை என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. 2021இல் எழுதிவிட்டது. சித்தப்பா இந்த இடத்தில் நின்று வாதாடுகிறார் என்றால், அந்தக் கேஸ் முடிந்துபோய் ரொம்ப நாளாகிறது. விவாதம் இன்னும் இருக்கிற இடம் வேறு: இந்தக் குறிப்பிட்ட மழைக்கு, இந்தக் குறிப்பிட்ட நஷ்டத்துக்கு அதில் எவ்வளவு பங்கு? அதை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அன்று எங்கள் மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்த காட்சியை யாரும் மறக்க மாட்டோம். என் பெட்டிகளில் ஆறு, மரம் விழுந்து நொறுங்கின. அது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் அடுத்தடுத்த வருஷங்களில் தெரிந்தது. நான் பெட்டி வைத்திருந்த தோட்டத்தில் பாதி மரம் போய்விட்டது, தோட்டக்காரர் அன்னாசி போட்டுவிட்டார். ரப்பர் மறுபடி வைத்தாலும் தளிர் தேன் தர வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒக்கியை நேராகப் பருவநிலை மாற்றத்தின் தலையில் கட்ட நான் துணியமாட்டேன். அரபிக் கடல் சூடாகி அங்கே பலத்த புயல்கள் கூடியிருக்கின்றன என்று ஆய்வாளர்கள் காட்டியிருப்பதை மட்டும் சொல்லலாம்.

இனி உங்கள் தோட்டம். என்ன பயிர் என்று நீங்கள் எழுதவில்லை, அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். நெல் என்றால் தேனீயை விட்டுவிடுங்கள், நெல்லுக்கு அது தேவையே இல்லை. ஆனால் பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் மகரந்தம் கெட்டு, கதிர் பதராகப் போகும். அது சுத்தமாகச் சூட்டின் வேலை. பாகல், புடலை, பூசணி என்றால் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. யாராவது மகரந்தத்தைத் தூக்கிக்கொண்டு போயே ஆக வேண்டும். இந்தக் குடும்பத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு: சூடு கூடினால் கொடி ஆண் பூவாகவே தள்ளும். பூ நிறைய, காய் இல்லை. நாம் ‘தேனீ வரவில்லை’ என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பாகல் பந்தல். அண்ணன் ஒருத்தர் குத்தகைக்கு எடுத்திருந்தார். பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிர்கிறது, உதிராததும் ஒரு பக்கம் சூம்பி வளைந்திருக்கிறது. “பருவம் தப்பிப் போச்சு தம்பி, இனிமே விவசாயம் நடக்காது” என்றார். காலை ஏழு மணிக்குப் போய்ப் பந்தலுக்குக் கீழே நின்றேன். பூவெல்லாம் விரிந்திருக்கிறது, ஒரு ஈ இல்லை. தரையில் குனிந்து பார்த்தால் என் தேனீக்கள்தான், நாக்கை நீட்டியபடி, சிலது இன்னும் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு. முந்தின நாள் காலையில் எட்டு மணிக்கு மருந்து அடித்திருக்கிறார். பூ விரிந்து, தேனீ மொய்க்கிற அதே நேரம். டப்பாவை வாங்கிப் பார்த்தேன், இமிடாகுளோப்ரிட். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்த வயலில் அடிக்கக்கூடாது என்று தடுத்த மூன்று மருந்துகளில் ஒன்று. நம்ம ஊரில் கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

சண்டை போடவில்லை. பூச்சி தாங்க முடியாமல்தான் அடிக்கிறார், அவருக்கும் கடன் இருக்கிறது. “அண்ணே, மருந்து அடிச்சே ஆகணும்னா பூ வாடின பிறகு சாயங்காலம் அடிங்க. அடிக்கிறதுக்கு முந்தின நாள் எனக்கு ஒரு போன் போடுங்க, பெட்டியை மூடி வைக்கிறேன். அந்த டப்பாவை மட்டும் பூக்கும் காலத்துல தொடாதீங்க” என்றேன். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு மாறினார், மாறாத வாரங்களும் உண்டு. அடுத்த பறிப்பில் சூம்பல் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. அந்தச் சித்திரை வெயிலில் பெண் பூவே குறைவாகத்தான் வந்தது. அதற்கு என்னிடமும் மருந்து இல்லை.

பாருங்கள், ஒரே பந்தலில் இரண்டு காரணம். தங்கை முதலாவதைப் பார்க்கமாட்டாள், சித்தப்பா இரண்டாவதைப் பார்க்கமாட்டார். எனக்குத் தங்கையைவிடப் பூச்சிமருந்துக் கடைக்காரர்மேல்தான் கோபம், ஏனென்றால் எல்லாப் பழியும் வானத்தின்மேல் விழுந்தால் அவருக்கு நிம்மதி.

உங்களுக்கு என் யோசனை: நாளைக் காலை ஆறரைக்கு ஒரு நாற்காலியைத் தோட்டத்தில் போட்டு அரைமணி நேரம் உட்காருங்கள். ஆண் பூ எத்தனை, பெண் பூ எத்தனை என்று எண்ணுங்கள். பூவுக்கு அடியில் சின்னப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. எந்தப் பூச்சி வருகிறது என்று பாருங்கள், தேனீதான் வர வேண்டும் என்றில்லை. சுற்றுப்பட்டில் யார் எப்போது மருந்து அடிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, இங்கே பின்னூட்டத்தில் போடுங்கள், பேசுவோம்.

இப்போது டிசம்பர் கடைசி. எங்கள் ஊரில் இன்னும் தூறிக்கொண்டிருக்கிறது, ரப்பர் இலை பாதிதான் பழுத்திருக்கிறது. இன்று காலை பெட்டிகளைத் தட்டிப் பார்த்தேன். இருபத்தாறில் இருபத்துமூன்று ‘உஸ்ஸ்’ என்றது. மற்ற மூன்றுக்கும் பாகு காய்ச்ச வேண்டும், வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. கடைக்குக் கிளம்புகிறேன்.