பின்னால் ஓடும் புரோகிராம்களும் திணறும் கணினியும்: கேள்வி பதில்

(கேள்விகள் எல்லாம் விண்டோஸ் 10, 11 ஓடும் வீட்டுக் கணினிகள் பற்றியவை. மெனுப் பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே கொடுத்திருக்கிறேன்.)

கேள்வி: சார், டெஸ்க்டாப் வந்த பிறகும் பத்து நிமிடம் எதையும் தொட முடியவில்லை. 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். எந்தெந்தப் புரோகிராமை நிறுத்தலாம்?

பதில்: முதலில் எது திணறுகிறது என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற தலைப்புகளின் மேல் இருக்கும் சதவீதத்தைக் கவனியுங்கள். சிபியு 20, டிஸ்க் 100 என்றால் பிரச்சினை டிஸ்கில். அந்தத் தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் இழுப்பவை மேலே வந்துவிடும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் தகவலை நொடிக்கு நூறு தடவை எடுத்துத் தந்தாலே பெரிது. கணினி எழுந்ததும் இருபது புரோகிராம்கள் ஒரே நேரத்தில் கேட்டால் வரிசை நிற்கத்தான் செய்யும். ஆகவே ஸ்டார்ட்அப் பட்டியலைக் குறையுங்கள். விண்டோஸ் 11-இல் டாஸ்க் மேனேஜரின் இடப்பக்கம் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்', 10-இல் மேலே 'ஸ்டார்ட்அப்'. வலது கிளிக், டிசேபிள். அரட்டை, வீடியோ கால் செயலிகள், கேம் லாஞ்சர்கள், டோரன்ட், பிரின்டரின் இங்க் அளவு காட்டும் புரோகிராம் எல்லாம் போகலாம். டச்பேட், சவுண்ட் டிரைவர் (ஒலிக் கருவியை இயக்கும் புரோகிராம்), ஆன்டிவைரஸ் மூன்றிலும் கை வைக்காதீர்கள். டிசேபிள் செய்தால் புரோகிராம் அழியாது. நீங்கள் திறக்கும்போது திறக்கும்.

பட்டியலில் 'ஹை' என்று இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தொடங்கும்போது சிபியுவை 1 நொடிக்கு மேலோ, டிஸ்கை 3 எம்பிக்கு மேலோ பயன்படுத்தினாலே அந்த முத்திரை விழுந்துவிடும்.

இன்னொன்று: 4 ஜிபி நிரம்பினால் மிச்சத்தை விண்டோஸ் டிஸ்கில் எழுதும். அப்போது டிஸ்க் 100 காட்டினாலும் உண்மையான பற்றாக்குறை ரேமில்தான். உங்கள் கணினியில் ஸ்டார்ட்அப்பைக் குறைத்தால் கொஞ்சம் மூச்சு வரும். சுழலும் பாகம் இல்லாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு ரேமை 8 ஜிபி ஆக்கினால்தான் எழுந்து நடக்கும்.

கேள்வி: டிசேபிள் பண்ணியும் ஒரு அப்டேட்டர் திரும்பத் திரும்ப வந்து உட்காருதுங்க.

பதில்: அது வேறு வாசல் வழியாக வருகிறது. ஸ்டார்ட்அப் பட்டியல் தவிர, சர்வீஸாகவும் (ஜன்னல் இல்லாமல் பின்னணியில் ஓடுவது), குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் டாஸ்க் ஷெட்யூலர் வழியாகவும் புரோகிராம்கள் கிளம்பலாம். முதலில் அந்தப் புரோகிராமின் சொந்த செட்டிங்கில் தானாகத் தொடங்கும் டிக்கை எடுங்கள். போகவில்லையா? மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தரும் ஆட்டோரன்ஸ் கருவி இலவசம். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆப்ஷன்ஸில் 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' போட்ட பிறகுதான் பட்டியலைத் தொட வேண்டும். டிக்கை மட்டும் எடுங்கள், டெலிட் வேண்டாம்; தப்பாகிவிட்டால் திரும்ப டிக் போட்டுக்கொள்ளலாம். மஞ்சள் வரிகள், ஃபைல் போன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் எச்சங்கள்.

கேள்வி: 'சர்வீஸ் ஹோஸ்ட்' என்று எழுபது எண்பது வரி ஓடுகிறது. வைரஸா அண்ணா?

பதில்: இல்லை. சர்வீஸ்களைத் தன்னுள் வைத்து ஓட்டும் விண்டோஸ் புரோகிராம் அது. விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று விழுந்தால் மற்றது விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. சந்தேகம் இருந்தால் வலது கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-இல் போய் நின்றால் சரி. டவுன்லோட்ஸிலோ ஆப்டேட்டாவிலோ போய் நின்றால் உடனே முழு ஸ்கேன்.

கேள்வி: வேலை நடுவில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' சிபியுவைத் தின்கிறது. நிறுத்தலாமா?

பதில்: அது விண்டோஸின் சொந்தக் காவல்காரன். நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று உள்ளே போனால் 'ஷெட்யூல்டு ஸ்கேன்' இருக்கும். ப்ராபர்ட்டீஸில் ட்ரிகர்ஸ் பக்கத்தில் நீங்கள் கணினியைத் தொடாத, ஆனால் அது ஆனில் இருக்கும் நேரத்தைக் கொடுங்கள். கண்டிஷன்ஸில் கணினி சும்மா இருந்தால் மட்டும் ஓடும்படி டிக் போடுங்கள். சுமையைக் குறைக்கிறேன் என்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்குவது, வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலைப் பூட்டுகிற வேலை.

கேள்வி: பிரவுசரை மூடினாலும் பட்டியலில் இருக்கிறதே?

பதில்: குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் போய், மூடிய பிறகும் பின்னணிச் செயலிகளைத் தொடர்ந்து ஓட்டும் முதல் பொத்தானை அணையுங்கள். எட்ஜில் அதே பொத்தானோடு 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்'டையும் அணைக்க வேண்டும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் ரேமைப் பிடிக்கிறது என்று பார்க்க, குரோமுக்குள் ஷிஃப்ட் எஸ்கேப்.

கேள்வி: ரேம் கிளீனர், பூஸ்டர் போடலாமா?

பதில்: வேண்டாம். அது ரேமில் இருப்பதை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளும். அடுத்த நிமிடம் விண்டோஸ் அதையே திரும்ப எடுத்து வரும். மீட்டர் மட்டும் இறங்கும். கூடவே பூஸ்டரும் பின்னால் ஓடும்!

கேள்வி: தினமும் ஷட் டவுன் செய்கிறேன். ஆனால் பர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'அப் டைம்' 19 நாள் காட்டுகிறது.

பதில்: 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' செய்யும் வேலை. ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் புரோகிராம்கள் மூடப்படும். விண்டோஸின் கருவும் டிரைவர்களும் டிஸ்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழும். டிரைவர் பிடித்து வைத்த ரேமும் கூடவே எழும். ரீஸ்டார்ட்தான் முழுதாகத் துடைக்கும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க வேண்டாம். கணினி எழ இன்னும் நேரமாகும்.

கேள்வி: சிஸ்மெயின், விண்டோஸ் சர்ச் இரண்டையும் நிறுத்தச் சொல்கிறார்களே?

பதில்: சிஸ்மெயின், பழைய சூப்பர்ஃபெட்ச்தான்; நீங்கள் அடிக்கடி திறப்பவற்றை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கும் சர்வீஸ். ஹார்ட் டிஸ்கில் அது விடாமல் உருட்டினால் சர்வீசஸ் ஜன்னலில் ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் திரும்ப 'ஆட்டோமேட்டிக்'. சர்ச்சை நிறுத்தினால் ஸ்டார்ட் மெனுவில் தேடுவதே பாடாகிவிடும். அதற்குப் பதில் 'இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' திறந்து, மாடிஃபையில் பெரிய புகைப்பட ஃபோல்டர்களின் டிக்கை எடுங்கள். புதிதாக நிறையக் காப்பி செய்திருந்தால் ஓரிரவு ஆனில் விடுங்கள், அட்டவணை போட்டு முடித்துவிடும்.

கேள்வி: எல்லாம் செய்தாயிற்று, பலிக்கவில்லை. இனி ஃபார்மட்தானா?

பதில்: அதற்கு முன் கிளீன் பூட், அதாவது வெளிப் புரோகிராம்கள் எதுவும் இல்லாமல் விண்டோஸை மட்டும் எழுப்பிப் பார்ப்பது. எம்எஸ்கான்ஃபிக் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக் போட்டு, பிறகு 'டிசேபிள் ஆல்'. முதல் டிக்கை மறந்தால் நெட் முதல் பல வசதிகள் படுத்துவிடும். ஸ்டார்ட்அப்பையும் முழுக்க அணைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேகம் வந்தால் பாதி சர்வீஸ்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மந்தம் திரும்பினால் குற்றவாளி அந்தப் பாதியில்; இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் நாற்பது சர்வீஸிலும் ஆறு ரீஸ்டார்ட்டுக்குள் ஆள் சிக்கும். கிளீன் பூட்டிலும், இணைத்த கருவிகள் சிபியுவைக் கூப்பிடும் வேலையைக் காட்டும் 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' வரி சிபியுவில் தொடர்ந்து மேலேயே நின்றால் புரோகிராமைத் தேடாதீர்கள். யுஎஸ்பியில் செருகியிருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், பிறகு நெட்வொர்க், சவுண்ட் டிரைவர்கள்.