மூலத்துக்கு விசுவாசம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வீடியோ கேமிலிருந்து எடுத்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள், குறிப்பாக முதல் சீசனின் மூன்றாவது எபிசோடை. என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டு கேம்களையும் பலமுறை ஆடி முடித்தவன் நான். அந்த எபிசோடில் வரும் பில், கேமில் ஒரு முரடன், தனிக்கட்டை. அவனுடைய ஊரைக் கடந்து போவது கேமின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு காதல் கதையை வைத்துவிட்டார்கள். காமிக்ஸ் படங்களிலும் இதே தொல்லைதான். 2009இல் வந்த 'வாட்ச்மென்' படம், கிளைமாக்ஸைத் தவிர்த்தால், காமிக்ஸைக் கட்டம் கட்டமாகப் பின்பற்றியது. தழுவல் என்றால் அதுதான். மாற்றுவதாக இருந்தால் புதுக் கதை எழுதிக்கொள்ள வேண்டியதுதானே?

இன்னொன்று. என் மனைவி கேம் ஆடுவதில்லை, தொடரை மட்டும் பார்க்கிறார். இரண்டாம் சீசனில் ஆபியைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. அவரோ 'பாவம் அந்தப் பெண்' என்கிறார். ஒரே கதைதானே, ஏன் இப்படி?

எம்.

அன்புள்ள எம்.,

கதையின் முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. இன்னும் பார்க்காத நண்பர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். ரசிகர்கள் போடும் கூச்சல் எப்போதும் வீண் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2019இல், வீடியோ கேமில் வரும் நீல முள்ளெலி சோனிக்கை வைத்து எடுத்த படத்தின் முதல் டிரெய்லரில், மனிதப் பற்களோடு ஒரு சோனிக்கைக் காட்டினார்கள். ரசிகர்கள் விடவில்லை. படத்தைத் தள்ளிவைத்து, உருவத்தையே மாற்றி, 2020இல் வெளியிட்டார்கள். அங்கே ரசிகர்கள் சொன்னதுதான் சரி.

ஆனால் நீங்கள் கேட்பது சம்பவங்களுக்கான விசுவாசம். கேமில் நடந்தது தொடரிலும் நடந்ததா என்று பார்க்கிறீர்கள். கேம் உங்களை என்ன செய்தது, தொடர் பார்ப்பவரை அது என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

பில்லின் ஊரையே எடுத்துக்கொள்வோம். கேமில் நாம் ஆடும் பாத்திரம் ஜோயல், அவன் காப்பாற்றி அழைத்துப்போகும் சிறுமி எல்லி. ஜோயலின் கால் சுருக்கில் மாட்டுகிறது. தலைகீழாகத் தொங்குகிறான். கயிற்றின் மறுமுனையில் எடைக்கு ஒரு ஃபிரிட்ஜ். எல்லி அதன் மேல் ஏறிக் கயிற்றை அறுக்கப் பார்க்கிறாள். அதற்குள் பூஞ்சை நோய் பீடித்து வெறிபிடித்தவர்கள் வந்துவிடுகிறார்கள். தொங்கியபடியே சுட வேண்டும். திரையே கவிழ்ந்து கிடக்கிறது, குறி எங்கெங்கோ போகிறது. இத்தனைக்கும் பில்லை நாம் இன்னும் முகம் பார்க்கவில்லை. ஆனால் ஊர் முழுக்கக் கண்ணி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒருவனின் பயம் ஏற்கெனவே நம் கைக்கு வந்துவிட்டது. பிறகு, பில்லின் துணைவனான ஃபிராங்க் தூக்கில் தொங்குவதையும் அவன் எழுதிவைத்த கசப்பான கடிதத்தையும் காணும்போது, இந்த மனிதனோடு ஏன் யாராலும் வாழ முடியவில்லை என்று நமக்கு விளக்கத் தேவையில்லை.

இதை அப்படியே படம் பிடித்தால் என்ன கிடைக்கும்? ஒரு நல்ல சண்டைக்காட்சி. கால் மாட்டியது ஜோயலுக்கு. நாம் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். பில்லின் பயம் நம்மிடம் வந்து சேராது. எனவே தொடரை எடுத்த க்ரெய்க் மேஸின், தொலைக்காட்சியால் கையாளக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டார்: வருடங்கள். 2003இல் தொடங்கி 2023 வரை, ஒரே எபிசோடில், பில்லும் ஃபிராங்கும் சந்தித்து, சண்டை போட்டு, கிழவர்களாகிறார்கள். வேலிக்குள் தனியாகப் பிழைத்துக் கிடப்பது வாழ்க்கையா என்பதுதான் கேமிலும் கேள்வி. தொடர் அதே கேள்விக்கு எதிர்த்திசையிலிருந்து பதில் தேடுகிறது. அந்த கேமை எழுதிய நீல் ட்ரக்மன்தான் மேஸினோடு சேர்ந்து தொடரை உருவாக்கியவர் என்பதையும் நினைவில் வையுங்கள். மூலத்தை அவரைவிட நேசிப்பவர் யார்?

சரி, வாட்ச்மென். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1986-87இல் 12 இதழ்களாக வந்த காமிக்ஸ். நாலாவது இதழை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடவுளைப் போன்ற சக்தி பெற்ற டாக்டர் மன்ஹாட்டன் செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறான். கையில் ஒரு பழைய போட்டோ. 12 விநாடியில் அதைக் கீழே போடப்போகிறேன் என்கிறான். அது மணலில் கிடக்கும் கட்டமும் அதே பக்கத்தில் இருக்கிறது! அவனுக்கு நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கின்றன. காமிக்ஸ் பக்கத்தைப் பார்க்கும் நமக்கும் அப்படித்தான்: எல்லாக் கட்டங்களும் ஒன்றாகக் கண்ணில் படுகின்றன, முன்னேயும் பின்னேயும் போய்வரலாம். அதாவது, அந்தப் பக்கத்தைப் படிக்கிற நேரத்துக்கு நாம் மன்ஹாட்டனாக இருக்கிறோம். ஜாக் ஸ்னைடரின் படத்திலும் இந்தக் காட்சி உண்டு, அழகாகவே எடுத்திருக்கிறார். ஆனால் சினிமாவில் ஒன்று போனபிறகுதான் இன்னொன்று வரும். பின்னணிக் குரல் சொல்வதால் அவனுக்குக் காலம் எப்படித் தெரிகிறது என்று அறிந்துகொள்கிறோம், அவ்வளவுதான்.

2019இல் டேமன் லிண்டலாஃப் எடுத்த 'வாட்ச்மென்' தொடரின் எட்டாவது எபிசோடைப் பார்த்தீர்களா? காமிக்ஸுக்குப் பல வருடங்கள் பிறகு நடக்கிற முழுக்கப் புதிய கதை. ஒரு மதுக்கடையில் மன்ஹாட்டன் தொடரின் நாயகி ஆஞ்செலாவிடம் பேச்சுக் கொடுக்கிறான். அந்தப் பேச்சினூடாகவே வருடங்கள் முன்னும் பின்னும் வெட்டி வெட்டிப் போகின்றன. ஓரிடத்தில் அவன் 2009இல் ஆஞ்செலாவின் தாத்தாவோடும் 2019இல் ஆஞ்செலாவோடும் ஒரே சமயத்தில் பேசுகிறான். அவள் 2019இல் ஒரு கேள்வி கேட்கிறாள்: கொலையான அந்த போலீஸ் அதிகாரியின் ரகசியம் தாத்தாவுக்கு எப்படித் தெரிந்தது? அவன் அதை 2009இல் தாத்தாவிடம் கேட்கிறான். அந்தப் பெயரையே அவர் அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார். பத்து வருடம் கழித்து நடந்த கொலைக்கு அவள் கேட்ட கேள்விதான் விதை. அவள் முகம் மாறுகிற அந்த நொடியில், காமிக்ஸின் நாலாவது இதழ் எனக்குத் தந்த தலைசுற்றல் மறுபடி வந்தது. இத்தனைக்கும் அந்த எபிசோட் காமிக்ஸிலிருந்து நகலெடுத்ததில்லை. (நீங்கள் வருத்தப்படும் அந்தக் கிளைமாக்ஸை மாற்றாமல் வைத்துக்கொண்டதும் இந்தத் தொடர்தான்.)

புதுக் கதை எழுதிக்கொள்ளட்டுமே என்கிறீர்கள். தாராளமாக எழுதலாம். 2024இல் வந்த 'ஃபால்அவுட்' தொடர் கேமின் உலகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தது, நன்றாகவும் இருந்தது.

இப்போது உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

முதல் கேமின் கடைசியில் மருத்துவமனை வருகிறது. பூஞ்சைக்கு மருந்து கண்டுபிடிக்க எல்லியின் உயிரைப் பலிகொடுக்கப் போகிறார்கள், அவளை மேஜையில் கிடத்தியிருக்கிறார்கள். சிறு கத்தியை நீட்டியபடி மருத்துவர் நிற்கிறார். நீங்கள் அவரைக் கொல்லும்வரை கேம் நகராது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அங்கே நிற்கலாம், கேம் காத்திருக்கும். கடைசியில் பட்டனை அழுத்தியது உங்கள் விரல். தொடர் இந்தக் காட்சியை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. துப்பாக்கிச் சத்தத்தை அடக்கி, சோகமான இசையை மேலே விட்டார்கள். ஜோயலாக பெட்ரோ பாஸ்கல் அருமையாக நடித்தார். ஆனாலும் அது ஜோயல் செய்த கொலை, பார்ப்பவர் செய்ததில்லை. என்னைப் பொறுத்தவரை முதல் சீசனில் மூலத்துக்கு ஈடுகொடுக்க முடியாத இடம் இதுதான். மூலத்தை அதிகம் நெருங்கிப் போன இடங்களில் இதுவும் ஒன்று என்பதைக் கவனியுங்கள்.

அந்த மருத்துவர்தான் ஆபியின் அப்பா.

2020இல் வந்த இரண்டாவது கேம் அதை நமக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆபி ஜோயலைக் கொல்கிறாள். ஒரு முழு கேம் நீங்கள் நடந்த கால்கள், ஏறிய தோள்கள், எல்லாம் ஜோயலுடையவை. உங்களையே அடித்துக் கொன்றது மாதிரி இருந்திருக்கும். பாதி கேமை ஆத்திரத்திலேயே ஆடி முடித்தபிறகு, கண்ட்ரோலரில் ஆபியைக் கொடுக்கிறார்கள். ஒரு தியேட்டரில் நடக்கும் சண்டையில் ஆபியாக நின்று எல்லியை அடிக்க வேண்டியவர் நீங்கள்தான். இந்த வழி தொலைக்காட்சிக்குக் கிடையாது. அதனால் இரண்டாம் சீசன் ஆபியின் துக்கத்தை முதல் எபிசோடிலேயே காட்டிவிடுகிறது. உங்கள் மனைவி அதைப் பார்த்துத்தான் 'பாவம்' என்கிறார். அவர் சரியாகவே பார்த்திருக்கிறார். உங்கள் ஆத்திரமும் பொய்யில்லை. ஒரே கதைதான் என்றாலும், அந்த மருத்துவமனை அறையில் அவர் சாட்சி, நீங்கள் உடந்தை.

இரண்டாம் சீசன் சியாட்டிலில் ஆபியின் முதல் நாளில் வந்து நிற்கிறது. இனி அவள் பக்கத்துக் கதை. கேமில் இருப்பதை அப்படியே எடுத்து வைத்தால் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். மூன்றாவது எபிசோடில் செய்த மாதிரி துணிந்து எதையாவது மாற்ற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அப்புறம், ஒரு வேண்டுகோள். முதல் கேமின் அந்த மருத்துவமனைப் பகுதியை மட்டும் உங்கள் மனைவியை ஆடச் சொல்லுங்கள். எளிய நிலையில் வைத்துக் கொடுத்தால் போதும், பட்டன்களைப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள். ஆனால் அந்த அறைக்குள் போனதும் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். அவர் என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள்.