சிங்க் வேறு, பேக்கப் வேறு: நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழக மெயில் கணக்கில் வைத்த ஃபைல்களைப் பற்றியவை. அதனால் குக்கர், வாஷிங் மெஷின் கடிதங்களை அடுத்த வாரத்துக்குத் தள்ளியிருக்கிறேன். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பிஎச்.டி. சேர்ந்தபோது, பல்கலைக்கழக மெயில் ஐடியில் கூகுள் டிரைவ் இடத்துக்கு வரம்பே இல்லை என்றார்கள். நுண்ணோக்கியில் எடுத்த படங்கள் 300 ஜிபி அதில்தான் இருக்கின்றன. இப்போது "ஆளுக்கு 20 ஜிபி மட்டுமே, மாதக் கடைசிக்குள் காலி செய்யவும்" என்று மெயில் வந்திருக்கிறது. இது நியாயமா?
*(ஆய்வு மாணவி, கோவை)*

பதில்: நியாயமில்லை. ஆனால் இந்த முடிவு உங்கள் பல்கலைக்கழகத்தில் தொடங்கியதில்லை. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாத இடம் இலவசம் என்று 2014-ல் கூகுள் அறிவித்தது. அதை நம்பி உலகம் முழுவதும் பல்கலைக்கழகங்கள் சொந்த சர்வர்களைக் கைவிட்டு அங்கே போயின. 2021 பிப்ரவரியில் அதே கூகுள், இனி ஒரு நிறுவனம் மொத்தத்துக்கும் சேர்த்து 100 டிபிதான் (ஒரு டிபி என்பது 1,000 ஜிபி) அடிப்படை என்றது. ஏற்கெனவே இருந்தவர்களுக்கு 2022 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. 10,000 பேர் உள்ள பல்கலைக்கழகம் என்றால் தலைக்கு 10 ஜிபி. மைக்ரோசாஃப்ட்டும் 2024 ஆகஸ்டில் தன் கல்வித் திட்டத்துக்கு இதே 100 டிபி கணக்கைக் கொண்டுவந்துவிட்டது. இலவசம் என்று பழக்கிவிட்டு, ஃபைல்கள் மலையாகக் குவிந்த பிறகு வரம்பு போடுவது எனக்குக் கோபம் தரும் வியாபாரம். அந்த அறிவிப்பை உங்களைப் போன்றவர்களிடம் ஒரு மாத அவகாசத்தில் கொண்டுவந்து போடும் நிர்வாகத்தின் மேலும் கோபம்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் நெறியாளரின் கையெழுத்தோடு கணினி மையத்துக்கு இன்றே கடிதம் கொடுங்கள். இரண்டு விஷயம் கேளுங்கள்: கூடுதல் அவகாசம், ஆய்வகத்தின் பெயரில் ஒரு ஷேர்டு டிரைவ். தனி ஆளின் கணக்கில் உள்ள ஃபைல் அந்தக் கணக்கோடு போய்விடும். ஷேர்டு டிரைவில் உள்ளது நிறுவனத்தின் பெயரில் இருக்கும், ஆள் மாறினாலும் நிற்கும். மூலப் படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள். பிரவுசரில் ஃபோல்டரை அப்படியே டவுன்லோடு கொடுத்தால் அது பல ஜிப் ஃபைல்களாக உடைந்து வரும், நடுவில் ஒன்று வராமல் போனால் கண்ணுக்கே தெரியாது. டிரைவின் டெஸ்க்டாப் செயலி வழியாக இறக்குங்கள். இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அங்கங்கே சில படங்களைத் திறந்தும் பார்த்த பிறகுதான் டிரைவில் உள்ளதை அழிக்க வேண்டும்.

கேள்வி: கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ். மூன்றில் எது சிறந்தது?
*(எம்.எஸ்சி. மாணவர், சேலம்)*

பதில்: உங்கள் துறையில் எல்லோரும் எதைப் பயன்படுத்துகிறார்களோ அது.

கேள்வி: டெலிகிராமில் "வாழ்நாள் முழுக்க வரம்பில்லா டிரைவ்" என்று 600 ரூபாய்க்கு ஒருவர் விற்றார். ஏதோ வெளிநாட்டுக் கல்லூரியின் மெயில் ஐடி. எட்டு மாதம் நன்றாக ஓடியது. போன வாரத்திலிருந்து லாகின் ஆகவில்லை. என் ப்ராஜெக்ட், அக்கா கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான். விற்றவர் என்னை பிளாக் செய்துவிட்டார். ஃபைல்களை மீட்க முடியுமா?
*(பொறியியல் மாணவர், மதுரை)*

பதில்: முடியாது தம்பி. அந்தக் கணக்கு உங்களுடையதாக இருந்ததே இல்லை. ஏதோ ஒரு கல்லூரியின் பெயரில் முறைகேடாகத் திறந்து விற்ற கணக்கு அது. இட வரம்பு வந்ததும் கல்லூரிகள் கணக்குகளை எண்ணிப் பார்க்க ஆரம்பித்தன. தன் மாணவர் இல்லாதவரின் கணக்கை அட்மின் மூடுவது சரியான வேலைதான். மூடும் வரை அந்த அட்மின் நினைத்தால் உங்கள் ஃபைல்களை எடுத்திருக்க முடியும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். 600 ரூபாய்க்கு வாழ்நாள் இடம் என்று முகம் தெரியாத ஒருவர் சொல்லும்போது, இது யார் இடம் என்ற கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். பணம் போன விவரத்தை 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள், சைபர் கிரைம் தளத்திலும் பதியுங்கள். கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோவில் மூல ஃபைல் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். பல ஸ்டுடியோக்கள் சில மாதம்தான் வைத்திருப்பார்கள்.

கேள்வி: புது லேப்டாப்பில் ஒன்டிரைவ் தானாகவே ஓட ஆரம்பித்தது. 5 ஜிபி நிரம்பிவிட்டது, பணம் கட்டுங்கள் என்று தினமும் அறிவிப்பு. வெறுத்துப்போய் இணையத்தில் ஒன்டிரைவுக்குள் போய் எல்லாவற்றையும் அழித்தேன். லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் இருந்த பாடக் குறிப்புகளும் மதிப்பெண் பட்டியலும் சேர்ந்து காணாமல் போய்விட்டன. நான் செய்தது தவறா?
*(உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி)*

பதில்: உங்கள் மேல் தவறு இல்லை அம்மா. முதலில் மீட்பு. ஒன்டிரைவ் இணையதளத்தில் இடது பக்கம் ரீசைக்கிள் பின் இருக்கும். தனிப்பட்ட கணக்கு என்றால் அழித்த 30 நாள் வரை அங்கே கிடைக்கும். கல்லூரிக் கணக்கு என்றால் வழக்கமாக 93 நாள். இதைப் படித்ததும் போய் ரீஸ்டோர் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, ஏன் இப்படி ஆயிற்று. விண்டோஸ் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நகர்த்தியிருக்கிறது. அதன் பிறகு இணையத்தில் இருப்பதும் லேப்டாப்பில் இருப்பதும் ஒரே ஃபைல்தான். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி தெரியும். வெறும் மேகக் குறி இருந்தால் அந்த ஃபைல் லேப்டாப்பில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. பச்சை டிக் இருந்தால் இறங்கியிருக்கிறது. இதை வாங்குபவருக்கு எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. ஒன்டிரைவ் செட்டிங்ஸில் 'மேனேஜ் பேக்கப்' என்று இருக்கும். அங்கே அந்த மூன்று ஃபோல்டரையும் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே தங்கிவிட்டிருக்கலாம், அவற்றை வெளியே எடுத்து வையுங்கள்.

இங்கே கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தக் குழப்பத்தால் அழுத கடிதங்கள் எனக்குப் பல வருடமாக வருகின்றன. சிங்க் என்பது ஒரு மாற்றத்தை எல்லாக் கருவிக்கும் கொண்டுபோகும் வேலை. நல்ல மாற்றம், கெட்ட மாற்றம் என்று அது பிரித்துப் பார்க்காது. நீங்கள் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். ரான்சம்வேர் (பணம் பறிப்பதற்காக ஃபைலைப் பூட்டும் நிரல்) புகுந்து ஃபைலைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்தான் மேலே ஏறும். பேக்கப் என்பது இந்த ஓட்டத்திலிருந்து விலகி நிற்கும் இன்னொரு பிரதி. அது வேறு இடத்தில், வேறு கையில் இருக்க வேண்டும்.

தனி ஆட்கள் மட்டும் இதில் சறுக்குவதில்லை. ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் 2021 டிசம்பரில், பேக்கப் எடுக்கும் நிரலில் செய்த மாற்றமே 77 டிபி ஆய்வுத் தரவை, சுமார் 3.4 கோடி ஃபைல்களை அழித்துவிட்டது. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. தென் கொரியாவில் அரசு ஊழியர்களுக்கென்று ஜி-டிரைவ் என்ற கிளவுட் இருந்தது. 2025 செப்டம்பர் 26-ல் தேஜான் நகரத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியில் பற்றிய தீயில் அது எரிந்தது. 858 டிபி போயிற்று. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியே பேக்கப் வைக்கவில்லை என்றார்கள். வேலை ஃபைல்களையெல்லாம் அங்கேயே வைக்கச் சொல்லி ஊழியர்களைப் பழக்கிவிட்டு, இரண்டாவது பிரதி இல்லாமல் இருந்திருக்கிறார்கள். நம் பல்கலைக்கழகங்களும் "கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், டிரைவில் வையுங்கள்" என்று சுற்றறிக்கை விடுகின்றன. டிரைவுக்குப் பேக்கப் யார் எடுக்கிறார்கள் என்று அதே சுற்றறிக்கையில் எழுதுங்கள் என நிர்வாகத்திடம் கேளுங்கள். ஆசிரியர் சங்கம் கேட்க வேண்டிய கேள்வி இது.

கேள்வி: படிப்பு முடிந்துவிட்டது. பல்கலைக்கழகக் கணக்கில் 40 ஜிபி ஃபைல்கள் இருக்கின்றன. பல்கலைக்கழக மெயில் எப்போது மூடப்படும் என்று அலுவலகத்தில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.
*(எம்.ஏ. முடித்தவர், தஞ்சாவூர்)*

பதில்: கணினி மையத்துக்கு மெயில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம். கூகுள் கணக்கு என்றால் டேக்அவுட் தளத்தில் கல்விக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்கு ஃபைல்களை மாற்றும் வசதி உண்டு, நிர்வாகம் அதை முடக்கியிருக்காவிட்டால். சொந்த ஜிமெயில் கணக்கில் இலவச இடம் 15 ஜிபி, அதுவும் மெயில், போட்டோ எல்லாம் சேர்த்து. 40 ஜிபி அதற்குள் போகாது, மிச்சத்துக்கு ஹார்ட் டிஸ்க் வேண்டும். உங்களுடன் மற்றவர்கள் பகிர்ந்த ஃபைல்கள் அவர்களுடையவை. தேவையானவற்றுக்குத் தனிப் பிரதி எடுங்கள்.

பலர் மறப்பது இன்னொன்று. வங்கி, தேர்வு விண்ணப்பம், ஆர்க்கிட் ஐடி (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) என்று எங்கெல்லாம் அந்த மெயிலைக் கொடுத்தீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள். மெயில் மூடியபின் ஓடிபி வராது.

கேள்வி: ஆய்வேடு வைக்க ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் 699 ரூபாய்க்கு வாங்கினேன். ஃபைல் பெயர்கள் தெரிகின்றன, திறந்தால் காலி. விற்பனையாளர் 'நீங்கள் சரியாக எஜெக்ட் செய்யவில்லை' என்கிறார்.
*(ஆய்வு மாணவர், காரைக்குடி)*

பதில்: எஜெக்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது 32 ஜிபியோ 64 ஜிபியோதான். கம்ப்யூட்டரிடம் 2 டிபி என்று சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை (உள்ளே அதை இயக்கும் சில்லை) மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவு நிரம்பியபின் எழுதுவது எங்கும் பதியாது, அல்லது பழையதன் மேல் எழுதப்படும். எனக்கும் ஒரு முறை இதேபோல ஒன்றை விற்றார்கள், அப்பாவின் பழைய கடிதங்களை ஸ்கேன் செய்து அதில் வைத்திருந்தேன். நல்லவேளை, காகிதம் பத்திரமாக இருந்தது.

எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலை விண்டோஸில் ஓட்டுங்கள், லினக்ஸ் என்றால் எஃப்3. அவை டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லும். அந்தத் திரையைப் படம் எடுத்து, பில்லோடு தளத்துக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. 699 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மேற்கோள் நூல்களைச் சேர்த்துவைக்கும் ஸோட்டெரோ நிரலின் ஃபோல்டரை அப்படியே டிராப்பாக்ஸில் போட்டு இரண்டு கம்ப்யூட்டரில் பயன்படுத்தலாமா?
*(சென்னை)*

பதில்: கூடாது, தரவுத்தளம் கெட்டுப்போகும் என்று அதை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள். அதன் சொந்த சிங்க் வசதியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: தமிழ்த்துறையில் கட்டுரைகளுக்கு முழுத் தலைப்பையே தமிழில் ஃபைல் பெயராக வைக்கிறோம். டிரைவில் நன்றாக இருக்கிறது. ஆய்வகத்தின் லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு இறக்கினால் சில ஃபைல்கள் மட்டும் 'பெயர் நீளம்' என்று நிற்கின்றன. ஆங்கிலத் தலைப்பு இதைவிட நீளமாக இருந்தும் வருகிறதே?
*(விரிவுரையாளர், புதுச்சேரி)*

பதில்: லினக்ஸில் ஃபைல்களைச் சேமிக்கப் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 அமைப்பில் ஃபைல் பெயருக்கு 255 பைட் வரம்பு. ஆங்கில எழுத்து ஒரு பைட். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், அதிலும் 'க்' என்றால் க-வும் புள்ளியும் தனித்தனிக் குறி, ஆறு பைட். ஆக 85 குறிக்குள் பெயர் முடிய வேண்டும். ஆண்டு, ஆசிரியர் பெயர், தலைப்பின் முதல் இரண்டு மூன்று சொற்கள் போதும். முழுத் தலைப்பை ஃபைலுக்குள் வையுங்கள். தமிழில் பெயர் வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகள் கல்லூரிக்காக ஒரு கிளவுட் நிறுவனத்தில் 'ஒரு மாதம் இலவசம்' என்று எடுத்தோம். இப்போது மாதாமாதம் யூபிஐயில் பணம் போகிறது. ரத்து செய்யும் பொத்தானையே காணோம்.
*(தந்தை, ஈரோடு)*

பதில்: அவர்கள் பக்கத்தில் தேடாதீர்கள். உங்கள் யூபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போய் அந்த மேண்டேட்டை (தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை) நீங்களே ரத்து செய்யுங்கள். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வந்ததா என்று எஸ்எம்எஸ்ஸைத் தேடுங்கள். ரத்து செய்வதைக் கடினமாக்கும் சந்தாப் பொறியை 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. பொத்தான் இல்லாத அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து 1915-ல் புகார் கொடுங்கள். ரத்து செய்யும் முன் மகளின் ஃபைல்களை இறக்கி வைத்துவிடுங்கள், இலவச அளவுக்கு மேல் உள்ளவற்றைச் சில மாதம் கழித்து அழிக்கும் நிறுவனங்கள் உண்டு.